எட்டிதழ் ரோஜாப் பூப்போட்ட விரலில்லாக் கையுறை: கண்ணி போடுவதிலிருந்து கழுவிக் காய வைப்பது வரை

இரண்டு நிறக் கம்பளி நூலில் பூப்போட்டுப் பின்னும்போது எல்லோருடைய கண்ணும் முன்பக்கத்தில்தான் இருக்கும். பூ நன்றாக வருவதும் சுருங்கிப் போவதும் பின்பக்கத்தில் முடிவாகிறது. அங்கே குறுக்கே ஓடும் நூல் எவ்வளவு தளர்வாக இருக்கிறது, எந்த நிறம் மேலே, எந்த நிறம் கீழே என்பதைப் பிடித்துக்கொண்டால், பூ எத்தனை சிக்கலாக இருந்தாலும் வெறும் எண்ணிக்கை வேலைதான்.

இங்கே எடுத்துக்கொண்டிருப்பது நார்வேயின் செல்பு ரோஜா. செல்பு, துரொன்ஹைம் நகருக்குத் தென்கிழக்கே உள்ள ஊர். 1857இல் மரித் குல்ட்செத் என்ற இளம்பெண் அங்கே இரண்டு நிறத்தில் இந்தப் பூவை வைத்துக் கையுறை பின்னினார் என்பது அந்த ஊரார் சொல்லும் வரலாறு. மணமான பிறகு அவர் மரித் எம்ஸ்டாட். எட்டு இதழ் நட்சத்திர வடிவம் அதற்கு முன்பே பல நாட்டு நெசவிலும் பூவேலையிலும் உண்டு. அதைக் கையுறையின் புறங்கையில் பெரிதாக வைத்து, ஊர்ப் பெண்கள் எல்லோரும் பின்னி விற்கிற தொழிலாக்கியது செல்பு. பழைய கையுறைகள் சாயம் போடாத வெள்ளையும் கறுப்புமான ஆட்டு மயிரில் இருக்கும். விரல்களும் முழுக்க மூடியிருக்கும். நாம் பின்னப் போவது விரல் நுனிகள் வெளியே தெரிகிற வகை. விரல் அடிவரை மட்டும் மூடியிருப்பதால் கைப்பேசியைத் தட்டலாம், சாவி எடுக்கலாம். விரல் நுனிக்குக் கண்ணி குறைக்கும் வேலையும் இல்லை. பூவேலை பழகுகிறவர்களுக்கு ஏற்றது.

நிட், பர்ல் என்ற இரண்டு அடிப்படைக் கண்ணிகளும் போடத் தெரிந்திருக்க வேண்டும். வட்டமாகச் சுற்றிச் சுற்றிப் பின்னி ஒரு தொப்பியாவது முடித்திருந்தால் நல்லது. பூவேலை முழுக்க நிட் மட்டுமே. பர்ல் விளிம்பில்தான் வரும்.

நூலும் ஊசியும்

50 கிராமுக்கு சுமார் 175 மீட்டர் வருகிற, முறுக்கு அதிகமில்லாத, லேசாக மயிர் தூக்கிய கம்பளி நூல் வேண்டும். ரௌமா கம்பெனியின் ஃபினுல்கார்ன் சரியாக இந்த அளவு. ஷெட்லாந்தின் ஜேமிசன் அண்டு ஸ்மித் விற்கும் ஜம்பர் வெயிட் நூலும் பொருந்தும். அது 25 கிராமில் 115 மீட்டர். வெள்ளை ஒரு உருண்டை, கறுப்பு ஒரு உருண்டை போதும். ஒரு ஜோடிக்கு இரண்டு நிறமும் சேர்ந்து 40 கிராமைத் தாண்டாது. கறுப்பு கொஞ்சம் கூடுதலாகச் செலவாகும், ஏனென்றால் விளிம்பெல்லாம் அதில்தான்.

நம்மூர்க் கடைகளில் எளிதாகக் கிடைப்பது அக்ரிலிக். அதில் பின்னக் கூடாது என்றில்லை. ஆனால் அக்ரிலிக் வழுக்கும். பக்கத்துக் கண்ணியைப் பற்றிக்கொள்ளாது. கழுவினாலும் கண்ணிகள் ஒன்றோடொன்று இணங்கி உட்காராது. சொரசொரப்பான கம்பளியில் மறைந்துபோகும் சின்னச் சின்ன ஏற்ற இறக்கங்கள் அக்ரிலிக்கில் அப்படியே நிற்கும். இயந்திரத்தில் துவைக்கலாம் என்று பதப்படுத்திய கம்பளிக்கும் இதே குறை ஓரளவு உண்டு. முதல் ஜோடிக்குச் சாதாரணக் கம்பளியே வாங்குங்கள்.

வேறு நிறங்கள் எடுப்பதாக இருந்தால் இரண்டு உருண்டைகளையும் பக்கத்தில் வைத்துக் கைப்பேசியில் கறுப்பு வெள்ளைப் படமாக எடுத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் பூ கண்ணுக்குப் படாது. சிவப்பும் பச்சையும் கடையில் பளிச்சென்று இருந்து, பின்னியதும் மங்கிப் போவது இதனால்தான். அடர் நிற நூலில் ஒரு முழம் எடுத்து நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்திச் சாயம் இறங்குகிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

பூவேலைக்கு 2.75 மில்லிமீட்டர் ஊசி, விளிம்புக்கு 2.25. பழைய எண் கணக்கில் இவை 12ஆம் நம்பர், 13ஆம் நம்பர். இருபக்கமும் முனையுள்ள ஐந்து ஊசி கொண்ட செட் ஆனாலும் சரி, 80 சென்டிமீட்டர் வட்ட ஊசி ஆனாலும் சரி. இவை தவிர இரண்டு அடையாள வளையம், மழுங்கிய முனையுள்ள தையல் ஊசி, கட்டைவிரல் கண்ணிகளைக் கோத்து வைக்க வேறு நிறத்தில் வழுவழுப்பான நூல் ஒரு முழம்.

மாதிரித் துண்டு

இதைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம். முடித்த கையுறை கைக்குள் போகாமல் நிற்பவர்களும் அவர்களே. ஒரே நிறத்தில் பின்னிய துணி இழுத்தால் இழுபடும். இரண்டு நிறத் துணி அப்படி நீளாது, பின்னால் ஓடும் நூல் அதைப் பிடித்து வைத்திருக்கும். ஆகவே அளவு முதலிலேயே சரியாக வர வேண்டும்.

நமக்கு வேண்டியது 10 சென்டிமீட்டரில் 30 கண்ணி, 32 சுற்று. 2.75 ஊசியில் 40 கண்ணி போட்டு, ஒரு கண்ணி வெள்ளை ஒரு கண்ணி கறுப்பு என்று மாற்றி மாற்றிப் பின்னுங்கள். வரிசை முடிந்ததும் திருப்பி பர்ல் போடாதீர்கள். இரண்டு நூலையும் துணியின் பின்னால் தளர்வாகக் கொண்டுவந்து, மறுபடி வலது ஓரத்திலிருந்தே நிட் போடுங்கள். வட்டமாகப் பின்னுகிறபோது கை எப்படி ஓடுமோ அப்படியே அளவு வர வேண்டுமென்றால் இதுதான் வழி. 34 வரிசை ஆனதும் நனைத்துக் காய வைத்து, நடுப்பகுதியை மட்டும் அளந்து பாருங்கள்.

கையுறையின் சுற்றளவு 56 கண்ணி. 10 சென்டிமீட்டரில் 30 கண்ணி வந்தால் அது 18.7 சென்டிமீட்டர், நடுத்தரப் பெண் கைக்குச் சரி. 28 வந்தால் 20 சென்டிமீட்டர், 32 வந்தால் 17.5. கட்டைவிரலை விட்டுவிட்டு, விரல் முட்டிகளைச் சுற்றி டேப் வைத்து அளந்த எண்ணுக்கு எது நெருங்குகிறதோ அந்த அளவு வருகிற ஊசியை எடுங்கள். கண்ணி எண்ணிக்கையை மாற்றினால் பூவின் கணக்கெல்லாம் கெடும். ஊசியை மாற்றுவது சுலபம்.

இரண்டு நூலைப் பிடிப்பது

கறுப்பை இடது கையிலும் வெள்ளையை வலது கையிலும் பிடிப்பது வேகமான முறை. பழக்கமில்லாவிட்டால் ஒன்றை விட்டு ஒன்றை எடுத்துப் பின்னுங்கள். நேரம் ஆகும், தப்பில்லை. எப்படிப் பிடித்தாலும் ஒரு விதியை மட்டும் மீறாதீர்கள். கறுப்பு எப்போதும் வெள்ளைக்குக் கீழிருந்து வர வேண்டும், வெள்ளை எப்போதும் மேலாகப் போக வேண்டும். கீழிருந்து வரும் நூலின் கண்ணி ஒரு நூலிழை பெரிதாக விழும், அதனால் அந்த நிறம் எடுப்பாகத் தெரியும். பூ கறுப்பு என்பதால் கறுப்பு கீழே. பாதியில் மாற்றினால் பூவின் ஒரு பாதி கனமாகவும் மறு பாதி மெலிந்தும் தெரியும். அது எதனால் என்று கண்டுபிடிக்க முடியாமல் தலையைச் சொறிவீர்கள். ஒரு கையை முடித்து ஒரு வாரம் கழித்து இரண்டாவதைத் தொடங்குகிறவர்கள் இதை ஒரு சீட்டில் எழுதி உருண்டைக்குள் செருகி வைப்பது நல்லது.

வேலையில் இல்லாத நூல் பின்னால் குறுக்கே ஓடும் துண்டுக்கு ஃப்ளோட் என்று பெயர். அடுத்த நிறத்துக்கு மாறும் முன்பு, வலது ஊசியில் ஏறிய கண்ணிகளை விரலால் நன்றாகப் பரப்பிவிடுங்கள். பிறகு புதிய நிறத்தில் முதல் கண்ணியைப் போடுங்கள். ஃப்ளோட்டை இழுத்து இறுக்கவும் வேண்டாம், கொக்கி போலத் தொங்க விடவும் வேண்டாம். எது என்று சந்தேகம் வந்தால் தளர்வுப் பக்கம் சாய்ந்துகொள்ளுங்கள். தளர்ந்த ஃப்ளோட்டைப் பிறகு சரிக்கட்டலாம், இறுகியதற்கு மருந்து அவிழ்ப்பதுதான்.

ஆறு கண்ணி வரை நூல் சும்மா ஓடலாம். அதைத் தாண்டினால் நடுவில் ஒரு இடத்தில் பிடித்து வையுங்கள், இல்லாவிட்டால் போடும்போது மோதிரமும் நகமும் அதில் மாட்டும். இரண்டு கண்ணிகளுக்கு இடையே, துணியின் பின்னால், இரண்டு நூலையும் ஒருமுறை முறுக்கிவிட்டால் போதும். மேலும் கீழுமாக அடுத்தடுத்த சுற்றுகளில் ஒரே இடத்தில் முறுக்கக் கூடாது. முன்பக்கத்தில் கறுப்புக் கோடு நிழல்போல் தெரியும்.

மணிக்கட்டு விளிம்பு

2.25 ஊசியில் கறுப்பு நூலால் 52 கண்ணி போடுங்கள். கண்ணி போடும்போது மட்டும் 2.75 ஊசியைப் பிடித்தால் ஓரம் இறுகாது. ஊசிகளில் பகிர்ந்து, ஓரம் முறுக்கிக்கொள்ளாமல் பார்த்து, வட்டமாகச் சேருங்கள். 2 நிட், 2 பர்ல் என்ற ரிப் 18 சுற்று. சுமார் 5 சென்டிமீட்டர் வரும்.

வெள்ளைக் கோடு வேண்டுமென்றால் 6, 7ஆம் சுற்றுகளையும் 10, 11ஆம் சுற்றுகளையும் வெள்ளையில் போடலாம். நிறம் மாறுகிற முதல் சுற்றை, அதாவது 6, 8, 10, 12ஆம் சுற்றுகளை, முழுக்க நிட் போடுங்கள். அங்கே பர்ல் போட்டால் பழைய நிறம் புள்ளி புள்ளியாக மேலே எட்டிப் பார்த்துக் கோட்டைப் பிசிறாக்கும். ஒரு சுற்று நிட்டாக இருப்பதால் ரிப்பின் இழுவை போய்விடாது.

இப்போது 2.75 ஊசிக்கு மாறி, வெள்ளையில் ஒரு சுற்று நிட். அதில் 13 கண்ணிக்கு ஒருமுறை ஒரு கண்ணி கூட்டுங்கள். நான்கு கூடி 56 ஆகும்.

கண்ணிகளின் பங்கீடு

ஒவ்வொரு சுற்றும் இந்த வரிசையில் போகும்: பக்கக் கோடு 1 கண்ணி, புறங்கை 27, இரண்டாம் பக்கக் கோடு 1, உள்ளங்கை 27. பக்கக் கோடு இரண்டும் எல்லாச் சுற்றிலும் கறுப்பு. சுற்று தொடங்குமிடத்தில் நிறங்கள் படிக்கட்டு போல ஒரு படி விலகி நிற்கும், அது வேறெங்காவது இருந்தால் உறுத்தும். கறுப்புக் கோட்டில் ஒளிந்துகொள்ளும்.

நான்கு ஊசியில் பிரிப்பதானால் 15, 14, 14, 13. ஊசியும் ஊசியும் சேரும் மூலையில் ஃப்ளோட் குறுக்கு வழியில் போய் இறுகிக்கொள்வது வழக்கமான தொல்லை. அப்படி நடந்தால் கையுறையை உட்புறம் வெளியே வருமாறு புரட்டி, ஊசிகளின் எதிர்ப் பக்கத்தில் பின்னிப் பாருங்கள். ஃப்ளோட் இப்போது வெளிவட்டத்தில் ஓடுவதால் தானாகவே நீளம் கிடைக்கும். பூவின் முகம் உள்ளே இருக்கும், குனிந்து பார்த்துக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான் சிரமம்.

உள்ளங்கை எளிது. ஒற்றைப்படைச் சுற்று: 1வெ, பிறகு (1க 1வெ) 13 தடவை. இரட்டைப்படைச் சுற்று: 2வெ, (1க 1வெ) 12 தடவை, 1வெ. வெ என்றால் வெள்ளை, க என்றால் கறுப்பு. எள்ளும் அரிசியும் கலந்தது போலத் தெரியும். நெருக்கமான துணி என்பதால் உள்ளங்கை சீக்கிரம் தேயாது.

பூவின் 29 சுற்று

புறங்கையின் 27 கண்ணியில் இரண்டு ஓரத்திலும் 1வெ 1க 1வெ என்று மூன்று கண்ணி எப்போதும் சட்டம்போல் நிற்கும். நடுவில் மிஞ்சும் 21 கண்ணிக்குத்தான் கீழே உள்ள கணக்கு. பூ இடம் வலம் ஒத்தது, ஆகவே எந்தப் பக்கத்திலிருந்து படித்தாலும் ஒன்றே. கட்டம் போட்ட நோட்டில் கறுப்புக் கட்டங்களை நிரப்பி ஒரு படம் வரைந்துகொண்டு உட்காருங்கள். கிராஸ் ஸ்டிச் போட்டவர்களுக்கு இது பழகிய வேலை. ஒரு வித்தியாசம்: படத்தைக் கீழிருந்து மேலே படிக்க வேண்டும்.

சுற்று 1: 1க, (3வெ 1க) 5 தடவை
சுற்று 2: 2வெ 1க, (3வெ 1க) 4 தடவை, 2வெ
சுற்று 3: சுற்று 1 போலவே
சுற்று 4: 2வெ 1க 4வெ 1க 5வெ 1க 4வெ 1க 2வெ
சுற்று 5: 5வெ 1க 3வெ 3க 3வெ 1க 5வெ
சுற்று 6: 2வெ 1க 2வெ 2க 3வெ 1க 3வெ 2க 2வெ 1க 2வெ
சுற்று 7: 1வெ 3க 1வெ 3க 5வெ 3க 1வெ 3க 1வெ
சுற்று 8: 2வெ 1க 2வெ 4க 3வெ 4க 2வெ 1க 2வெ
சுற்று 9: 5வெ 5க 1வெ 5க 5வெ
சுற்று 10: 5க 1வெ 4க 1வெ 4க 1வெ 5க
சுற்று 11: 1வெ 5க 1வெ 3க 1வெ 3க 1வெ 5க 1வெ
சுற்று 12: 2வெ 5க 1வெ 2க 1வெ 2க 1வெ 5க 2வெ
சுற்று 13: 3வெ 5க 1வெ 1க 1வெ 1க 1வெ 5க 3வெ
சுற்று 14: 1க 3வெ 5க 3வெ 5க 3வெ 1க
சுற்று 15: 2க 8வெ 1க 8வெ 2க

பூவின் நடு மையம் சுற்று 15. அதன் பிறகு வந்த வழியே திரும்பிப் போகிறோம். சுற்று 16க்கு 14ஐப் பாருங்கள், 17க்கு 13, இப்படியே 29க்கு 1. சுற்று எண்ணை 30இலிருந்து கழித்தால் பார்க்க வேண்டிய வரி கிடைத்துவிடும்.

சுற்று 15இல் மட்டும் எட்டு வெள்ளைக் கண்ணிக்குப் பின்னால் கறுப்பு நீளமாக ஓடுகிறது. இரண்டு இடத்திலும் நாலாவது கண்ணிக்குப் பிறகு ஒரு முறுக்கு போடுங்கள். வேறெந்தச் சுற்றிலும் முறுக்கு தேவையில்லாதபடிதான் நான்கு மூலையிலும் குட்டிப் பூவும் ஓரச் சட்டமும் வைத்திருப்பது, அழகுக்கு மட்டுமல்ல.

சுற்று 10 வரும்போது ஒரு நிமிடம் நிறுத்தி, கீழிருந்து எழும் இரண்டு இதழ்களும் நடு வெள்ளைக் கோட்டுக்கு இருபுறமும் சமமாக நிற்கின்றனவா என்று பாருங்கள். ஒரு கண்ணி தள்ளியிருந்தால் இங்கேயே கண்ணில் படும். பூ முடிந்தபின் கண்டுபிடித்தால் இருபது சுற்று அவிழ்க்க வேண்டிவரும். இரண்டு நிறத்தை அவிழ்ப்பதைப் போல மனதைச் சோர்வாக்கும் வேலை பின்னலில் வேறில்லை.

கட்டைவிரல் மடிப்பு

பூவை எண்ணிக்கொண்டே கட்டைவிரலுக்கும் இடம் கூட்டிக்கொண்டு போக வேண்டும். வலது கைக்கு இரண்டாம் பக்கக் கோட்டுக்கும் உள்ளங்கைக்கும் நடுவில். இடது கைக்கு உள்ளங்கை முடிந்தபின், சுற்றின் கடைசியில். இரண்டு கைக்கும் உள்ள வேறுபாடு இது ஒன்றுதான். இதை மறந்து ஒரே கைக்கு இரண்டு கையுறை பின்னியவர்கள் ஊருக்கு நாலு பேர் இருப்பார்கள்.

சுற்று 1இல் அந்த இடத்தில் வெள்ளையில் ஒரு கண்ணி புதிதாக உண்டாக்கி, இருபுறமும் அடையாள வளையம் போடுங்கள். பிறகு 4, 7, 10, 13, 16, 19, 22 ஆகிய சுற்றுகளில் வளையங்களுக்கு உட்பக்கமாக இரண்டு ஓரத்திலும் ஒவ்வொரு கண்ணி கூட்டுங்கள். 3, 5, 7 என்று வளர்ந்து 22ஆம் சுற்றில் 15 கண்ணி நிற்கும்; மொத்தம் 71.

நிறத்துக்கு ஒரே விதி. கீழே வெள்ளை இருந்தால் மேலே கறுப்பு, கறுப்பு இருந்தால் வெள்ளை. புதிதாக உண்டாக்கும் கண்ணி பக்கத்துக் கண்ணிக்கு எதிர் நிறம்.

கண்ணி கூட்டக் கண்ணிகளுக்கு இடையே உள்ள நூலைத் தூக்கிப் பின்னுவது வழக்கம். இரண்டு நிற வேலையில் அது சரிவராது. அந்த இடத்தில் ஃப்ளோட்டும் சேர்ந்து வந்து துணியை இழுக்கும். வேண்டிய நிறத்தை விரலில் ஒரு சுருக்கு வளையமாகத் திருப்பி வலது ஊசியில் ஏற்றிவிடுங்கள். அடுத்த சுற்றில் அதை நிட் போடும்போது கொஞ்சம் தளர்வாகத் தோன்றும், இரண்டு சுற்றில் அடங்கிவிடும்.

சுற்று 23இல் அந்த இடத்துக்கு வந்ததும் 15 கண்ணியையும் வேறு நிற நூலில் கோத்து விட்டுவிட்டு, அடுத்த கண்ணியை நன்றாக இழுத்துப் பின்னுங்கள். மறுபடி 56.

மணிக்கட்டு மடிப்பிலிருந்து கட்டைவிரல் பிரியும் இடம் வரை உங்கள் கையில் 7 சென்டிமீட்டருக்கும் குறைவாக இருந்தால், மூன்று சுற்றுக்கு ஒருமுறை கூட்டுவதை விட்டு இரண்டு சுற்றுக்கு ஒருமுறை கூட்டுங்கள். 15ஆம் சுற்றிலேயே 15 கண்ணி வந்துவிடும். பிறகு கையில் போட்டுப் பார்த்து, விரல் கவட்டைத் தொடும்வரை கூட்டாமல் சில சுற்று போய், கோத்து விடலாம். மடிப்பு குட்டையானால் கையுறை கட்டைவிரலைப் பிடித்துக் கீழே இழுக்கும். நெட்டையானால் கவட்டில் பை போலத் தொங்கும்.

மேல் விளிம்பு

சுற்று 29 முடிந்ததும் வெள்ளையை ஒரு சாண் விட்டு வெட்டுங்கள். கறுப்பில் ஒரு சுற்று நிட், பிறகு 2.25 ஊசியில் 2 நிட் 2 பர்ல் 8 சுற்று. கண்ணி முடிக்கும்போது 2.75 ஊசியை வலது கையில் எடுத்து, ரிப் எப்படிப் போகிறதோ அப்படியே நிட்டுக்கு நிட், பர்லுக்கு பர்லாக முடியுங்கள். இறுக்கி முடித்தால் விரல் மடக்கும்போதெல்லாம் ஓரம் அறுக்கும்.

கட்டைவிரலுக்குக் கோத்த 15 கண்ணியை ஊசிக்குத் திருப்புங்கள். கவட்டில் 3 கண்ணியும் இரண்டு மூலையிலும் ஒவ்வொன்றுமாக 5 கண்ணி எடுங்கள், மொத்தம் 20. மூலைக் கண்ணி இரண்டையும் முறுக்கி எடுத்தால் ஓட்டை விழாது. அப்படியும் விழுந்தால் கவலை வேண்டாம், நூல் வால் எதற்கு இருக்கிறது? எள்ளரிசி மாதிரியே 4 சுற்று, கறுப்பில் ஒரு சுற்று நிட், 2.25 ஊசியில் ரிப் 5 சுற்று, தளர்வாக முடித்துவிடுங்கள். 15உம் 5உம் சேர்ந்து இரட்டைப்படை என்பதால் நிற மாற்றம் எங்கும் முட்டிக்கொள்ளாது.

எது கெடும், எப்படித் திருத்துவது

பூ இருக்கும் பகுதி இடுப்புப் போல ஒடுங்கி, மேல் கீழ் விளிம்பு மட்டும் விரிந்திருந்தால் ஃப்ளோட் இறுக்கம். கழுவினால் கொஞ்சம் தளரும், முழுக்கச் சரியாகாது. இரண்டாவது கையில் பூவேலைக்கு மட்டும் கால் மில்லிமீட்டர் பெரிய ஊசி எடுத்தால் ஜோடி பொருந்தாது. அவிழ்த்து முதல் கையையும் சேர்த்துப் பின்னுவதுதான் நேர் வழி.

நிறம் மாறும் இடத்தில் மட்டும் கண்ணி பெரிதாக வாய் பிளந்து நின்றால் அது எதிர்க் குறை, ஃப்ளோட் அளவுக்கு மீறித் தளர்வு. மழுங்கிய ஊசியால் பின்பக்கம் நூலை மெல்ல நெருடி, மிச்சத்தைப் பக்கத்துக் கண்ணிகளுக்குப் பகிர்ந்துவிடலாம்.

பூ குள்ளமாகவோ நெட்டையாகவோ தெரிந்தால் சுற்று அளவு வேறாக இருக்கிறது. சரியான கணக்கில் பூ 7 சென்டிமீட்டர் அகலம், 6.6 உயரம். அரை சென்டிமீட்டர் இப்படி அப்படி இருந்தால் கையில் போட்டபின் யாருக்கும் தெரியாது.

ஓரிரு கண்ணி நிறம் மாறி விழுந்திருந்தால் அவிழ்க்காதீர்கள். முடித்தபின் சரியான நிற நூலைத் தையல் ஊசியில் கோத்து, தவறிய கண்ணியின் அடியில் குத்தி எடுத்து, மேல் கண்ணியின் இரண்டு காலுக்கும் பின்னால் ஓட்டி, மறுபடி அடியிலேயே இறக்குங்கள். பின்னிய கண்ணிமேல் இன்னொரு கண்ணி படிந்துவிடும். ஐந்தாறு கண்ணிக்கு மேல் இப்படிச் செய்தால் அந்த இடம் தடித்துத் தெரியும்.

முனைகளை அடைத்துக் கழுவுவது

நூல் வால்களை அதே நிறக் கண்ணிகளின் பின்னால், ஃப்ளோட்டுகளுக்கு அடியில் சரித்து 4 சென்டிமீட்டர் ஓட்டி வெட்டுங்கள். முடிச்சுப் போட வேண்டாம், கையில் உறுத்தும்.

ஊசியிலிருந்து இறங்கிய கையுறை மேடும் பள்ளமுமாகத்தான் இருக்கும். அதைப் பார்த்து மனம் தளர வேண்டாம். வெதுவெதுப்பான நீரில் கம்பளிக்கான சோப்பைக் கரைத்து 20 நிமிடம் ஊற விடுங்கள். அலசும் நீரும் அதே சூட்டில் இருக்கட்டும். சூடு திடீரென்று மாறினாலும், கசக்கினாலும் கம்பளி சுருங்கிக் கெட்டியாகிவிடும். பிழியாமல் கையால் அழுத்தி எடுத்து, துண்டில் சுருட்டி, மேலே காலால் மிதித்து நீரை வாங்குங்கள். பூவை விரலால் நீவி நேராக்கி, கட்டைவிரலை ஓரமாக மடித்து, நிழலில் படுக்கையாகக் காய வையுங்கள். கொடியில் தொங்கவிட்டால் நீரின் கனத்தில் நீண்டுவிடும். காய்ந்தபின் எடுத்துப் பாருங்கள், கண்ணிகள் சற்றே உப்பி ஒன்றையொன்று பற்றிக்கொண்டு, இதழ்களின் விளிம்பு கத்தரித்தது போல் நேராகியிருக்கும்.

குளிர்காலம் முடிந்து எடுத்து வைக்கும்போது கழுவாமல் பெட்டிக்குள் போடாதீர்கள். அந்துப்பூச்சி வியர்வையும் அழுக்கும் பட்ட கம்பளியைத்தான் முதலில் தேடிப் போகும். கழுவி, ஈரமில்லாமல் உலர்த்தி, இறுக மூடும் பைக்குள் போட்டு வையுங்கள். மிஞ்சிய நூலையும் அதே பையில் ஒரு துண்டு வைத்துவிட்டால், கட்டைவிரல் ஓரம் எப்போதாவது பிரிந்தால் அதே நிறத்திலேயே தைத்துக்கொள்ளலாம்.